கிழக்கு டிஷ்ஷும் எதிர்மாடி டவரும்

மேற்கு சைதாப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செல்வம்,

இங்க எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலூர்ல வேலை கிடைச்சத போன்லயே சொல்லிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கு? கோயமுத்தூர் குளிர் உனக்கு ஒத்துக்காதுன்னு நானும் பீட்டர் அண்ணனும் தலையால அடிச்சுக்கிட்டோம், நீ எங்க கேட்ட?

இப்ப சொல்லப்போறத போன்ல சொன்னா பாதியிலேயே குறுக்க பேசி ஜெயிச்சிடுவ. அதனாலதான் எழுதறேன். முழுசா படி, அப்புறம் சண்டைக்கு வா.

நம்ம கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமுக்கு எதிர்ல புதுசா நாலு மாடி கட்டினாங்களே, அந்த மொட்டை மாடியில ஒரு கம்பெனி 5ஜி ஆண்டெனா ஏத்திடுச்சு. ஏத்தின வாரத்துலேருந்து கிழக்கு டிஷ்ல வர்ற சேனல் எல்லாம் கட்டம் கட்டமா உடையுது. அதுவும் சாயங்காலம், தெருவே சீரியல் பாக்கற நேரத்துல. மீட்டர வச்சா லெவல் நல்லா காட்டுது, குவாலிட்டி மட்டும் படுத்துடுது. டிஷ் முனையில சிக்னலப் பெருக்கிக் கொடுக்கற எல்.என்.பி.ய மாத்தினேன், கனெக்டர் மாத்தினேன், கேபிளயே புதுசா இழுத்தேன். ஒண்ணும் நகரல. கடைசியா நாகூரான் வீட்டுக் கோழிக்கூண்டு வலை ஒரு பெரிய துண்டு கிடந்துச்சு, அத டிஷ்ஷுக்கும் அந்த மாடிக்கும் நடுவுல தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பையன் பிடிச்ச அடுத்த நொடி குவாலிட்டி ஏறிச்சு. இறக்கினா விழுந்துச்சு. திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்தேன். சந்தேகமே இல்ல.

டவர் கம்பெனிக்காரன் நீ சொல்லப்போறது தெரியும். "எங்க அலைக்கற்றை வேற, உன்னோடது வேற. நாங்க எங்க எல்லைக்குள்ளதான் இருக்கோம்." வாஸ்தவம். 2022ல நம்ம பக்கத்துல 5ஜிக்கு ஏலம் விட்டது 3,300லேருந்து 3,670 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். நம்ம சேனல் இறங்கறது 3,700க்கு மேல, 4,200 வரைக்கும், சி-பேண்ட்னு சொல்லுவோமே, அது. நடுவுல 30 மெகாஹெர்ட்ஸ் வேலி. காகிதத்துல பாத்தா சுத்தமா இருக்கு. ஆனா என் எல்.என்.பி.க்கு அந்த வேலி தெரியாதுடா. நம்ம ஊர்ல ஓடற பழைய எல்.என்.பி. எல்லாம் 3,400லேருந்தே வாயத் திறந்து வச்சிருக்கும். சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் தூரத்துலேருந்து சில பத்து வாட்ல நாடு முழுக்கத் தூவற சிக்னல் இங்க வந்து சேரும்போது எவ்வளவு மெலிஞ்சிருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா? கெட்டிமேளம் கொட்டற நேரத்துல தாத்தா காதோரம் ஏதோ ரகசியம் சொன்ன மாதிரி. தவில்காரர் தாத்தாவோட வார்த்தையத் திருடல. ஆனா காது அடைச்சிடுச்சே, அப்புறம் எந்த வார்த்தை கேக்கும்? எல்.என்.பி. திக்குமுக்காடிப்போனா பக்கத்து அலைவரிசை மட்டுமில்ல, அந்த டிஷ்ல வர்ற அத்தனையும் போகுது.

வேற அலையத் தடுக்கற ஃபில்டர் போடுன்னு சொல்லுவ. போட்டேன். சிக்னல உள்ள வாங்கற ஃபீட்ஹார்ன் குழாய்க்கும் எல்.என்.பி.க்கும் நடுவுல, என் சொந்தக் காசுல. ஓரளவுக்கு நிக்குது. ஆனா ஃபில்டரும் கொஞ்சம் சிக்னலத் தின்னும், நம்ம கிட்ட இருக்கறதே கொஞ்சம். அமெரிக்காவிலயும் இதே சி-பேண்ட் சண்டைதான். 2021ல ஏலம் முடிஞ்சப்ப 8,100 கோடி டாலருக்கு மேல போச்சு. அங்க ஏலம் எடுத்தவங்கதான் பதிவு பண்ணின டிஷ்களுக்கு ஃபில்டர் செலவையும் மாத்தற செலவையும் கொடுக்கணும்னு விதி போட்டாங்க. சாட்டிலைட் கம்பெனி சீக்கிரமா இடத்தக் காலி பண்ணினா அதுக்குத் தனிப் பணம். அது நியாயம். கூட்டம் போடறவன்தான் பந்தல் வாடகை கொடுக்கணும்.

சி-பேண்ட் பழசு, டிஷ்ஷையெல்லாம் காயலான் கடைக்குப் போடுன்னு போன தடவ வந்தப்ப சொன்ன பாரு, அது எனக்கு இன்னும் ஆறல. கார்த்திகை மாச மழையில மாடி மேல இருக்கற சின்ன டிடிஹெச் டிஷ் எல்லாம் சுருண்டு படுக்கும்போது நம்ம லைன்ல படம் ஏன் நிக்குது? சி-பேண்ட் மழைக்குப் பெரிசா அசையாது, டிடிஹெச் ஓடற கேயு-பேண்ட் அசையும். அந்த டிடிஹெச்காரங்களும் சேனலை வாங்கறது பெரும்பாலும் சி-பேண்ட்லதான், வாங்கி வேற அலைவரிசையில மேல அனுப்பறாங்க. 92ல நீயும் நானும் ஸ்டார் டிவிக்காக ராத்திரி முழுக்க வலை டிஷ்ஷ ஒரு விரல்கடை இப்படி, ஒரு விரல்கடை அப்படின்னு திருப்பினோமே, அதே பேண்ட்தான் இன்னிக்கும் சோறு போடுது. நீ டவர் கம்பெனிக்குப் போனது தப்புன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. சின்னவ படிச்சதே மொபைல் நெட்லதான். அது வேணும். ஆனா அதுக்காக இது வேண்டாம்னு ஆயிடுமா?

இதயே யோசிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் படிச்சதுல, என் சேனல் உடையறது சின்ன விஷயம்னு புரிஞ்சது. பெரிசு வேற இருக்கு செல்வம். இத நிதானமா படி.

காத்துல இருக்கற நீராவி 23.8 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துல தானாவே ரொம்ப மெலிசா ஒரு அலைய விடும். வானிலை சாட்டிலைட்டுங்க மேலேருந்து அதக் கேட்டுத்தான் கடல் மேல எவ்வளவு ஈரம் நிக்குதுன்னு கணக்குப் போடுது. அது எதையும் அனுப்பறதில்ல, கேக்க மட்டும் செய்யும். 2011ல நம்ம இஸ்ரோவும் பிரான்சும் சேந்து ஸ்ரீஹரிகோட்டாவிலேருந்து அனுப்பின மேகா-ட்ராபிக்ஸ்ல மெட்ராஸ்னு ஒரு கருவி இருந்துச்சு, அதுக்கும் 23.8ல ஒரு காது உண்டு. பாவம், ரொம்ப நாள் உழைக்கல, 2013லயே நின்னுபோச்சு. இப்ப பாரு, 5ஜிக்குக் கொடுத்திருக்கற 26 ஜிகாஹெர்ட்ஸ் பேண்ட் தொடங்கறதே 24.25ல. நம்ம நாட்டிலயும் 2022 ஏலத்துல அது போயிடுச்சு. அங்கேருந்து கொஞ்சம் கசிஞ்சாலும் சாட்டிலைட் அத ஈரம்னுதான் எடுத்துக்கும். என் டிஷ் கெட்டா படம் உடையும், எனக்குத் தெரியும். அங்க கெட்டா எதுவும் உடையாது. கணக்கு மட்டும் தப்பா வரும், ஒருத்தருக்கும் தெரியாது.

2019ல எகிப்துல ஷார்ம் எல்-ஷேக்ல உலக நாடெல்லாம் உக்காந்து இதப் பேசினாங்க. கசிவுக்கு ஒரு அளவு வச்சாங்க. 2027 செப்டம்பர் 1க்கு அப்புறம் வர்ற பேஸ் ஸ்டேஷனுக்கு அந்த அளவு நாலுல ஒரு பங்காக் குறையும். அதுக்கு முன்னாடி போட்டது பழைய அளவுலயே ஓடலாம். வானிலைக்காரங்க கேட்டது இதவிடக் கடுமையான அளவு. அமெரிக்க வானிலைத் துறையோட பொறுப்புத் தலைவரே அந்த வருஷம் நாடாளுமன்றக் குழு முன்னாடி, கணிப்பு முப்பது சதவீதம் வரைக்கும் கெடலாம்னு சொன்னாரு. மொபைல்காரங்க அது மிகைன்னாங்க. யார் கணக்கு சரியோ, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணியில கிடந்து மொபைல் டவரும் செத்துப்போச்சே, அப்ப ஊருக்குக் கையில இருந்தது முன்னாடியே வந்த எச்சரிக்கை மட்டும்தான்.

பேசறதுக்குத்தான்டா ஏலம். அந்த 2022 ஏலம் ஒன்றரை லட்சம் கோடி. கேக்கறவனுக்கு யார் விலை போடுவா? நீராவி ஏலத்துக்கு வருமா? அதுக்கு வேற அலைவரிசை ஒதுக்கித் தரவும் முடியாது, இயற்கை வச்ச இடம் அது. என் மனசுல கிடந்து அரிக்கறது இதுதான். முப்பது வருஷமா டவர் ஏறினவன் நீ, உங்க ஆளுங்க நீ சொன்னா காது கொடுப்பாங்க. உங்க சங்கக் கூட்டத்துல ஒரு தடவ எழுந்து இதக் கேளு. என்கிட்ட கத்தற மாதிரி அங்க கத்து.

என் வேலைக்கு ஒரு உதவி. அந்த எதிர்மாடி ஆண்டெனா எந்தத் திசையப் பாக்குது, டில்ட், அதான் சாய்வு, எவ்வளவுன்னு தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது விசாரிச்சுச் சொல்லு. கொஞ்சம் கீழ சாய்ச்சாங்கன்னா அவங்களுக்கும் கவரேஜ் பெரிசா குறையாது, எனக்கும் மூச்சு வரும்னு நினைக்கறேன். எழுதிக் கொடுத்தேன், இதுவரைக்கும் பதில் இல்ல. எந்த அலை எவ்வளவு வருதுன்னு காட்டற ஸ்பெக்ட்ரம் அனலைசர் யார்கிட்டயாவது கடன் கிடைச்சா கையோட கொண்டு வா. சேரன்ல டிக்கெட் போட்டதும் சொல்லு, சென்ட்ரலுக்குப் பையன அனுப்பறேன். மச்சினிக்கு என் வணக்கம் சொல்லு.

உன்,
முரளி

பி.கு: பீட்டர் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. உன்னக் கேட்டாரு.