மக்காச்சோளத் தோலில் மடித்த கொழுக்கட்டை

எல் பாசோ, டெக்சாஸ்,
அக்டோபர் 12

அன்புள்ள தோழி,

முட்டிவலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? பத்தாம் வகுப்பை மேல்மாடியில் வைத்திருக்கும்வரை உன்னைக் கீழே இறக்க யாராலும் முடியாது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம். தை மாதம் என்றால் எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம்தான், பார்க்கிறேன்.

போன தடவை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, அங்கே ஊர்த் திருவிழாவா?" என்று கேட்டிருந்தாய். காகிதத்தில் பூ வெட்டிக் கட்டிய தோரணம், ரிப்பன் வைத்த பாவாடையைச் சுழற்றி ஆடும் பெண்கள், வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டையில் கிதார் வாசிக்கும் பையன்கள். கிட்டத்தட்டத் திருவிழாதான். அமெரிக்காவில் ஸ்பானிஷ் மொழிவழி வந்தவர்களைக் கொண்டாட ஹிஸ்பானிக் மரபு மாதம் என்று ஒன்று உண்டு. செப்டம்பர் 15இல் தொடங்கி அக்டோபர் 15இல் முடியும். மாதம் என்றால் ஒன்றாம் தேதிதானே தொடங்க வேண்டும் என்று முதல் வருஷம் எனக்கும் குழப்பமாக இருந்தது. அப்புறம் பார்த்தால், அது நம் புரட்டாசி! இரண்டு நாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

தேதிக்குக் காரணம் உண்டு. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் 1821 செப்டம்பர் 15தான் சுதந்திர நாள். வருஷம் வேறு என்றாலும், 16ஆம் தேதி மெக்சிகோவுக்கு, 18ஆம் தேதி சிலிக்கு. 1968இல் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாகத் தொடங்கியதை 1988இல் ரீகன் ஒரு மாதமாக்கினார்.

இங்கே வருவதற்கு முன் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் இருந்தேன் அல்லவா, அங்கும் இந்த மாதம் வரும். கேன்டீனில் டாக்கோ, அதாவது ரொட்டியில் மடித்த மெக்சிகோ பலகாரம், போடுவார்கள். மேசைக்கு மேசை காகிதத்தில் செய்த அகலத் தொப்பி. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு வாழ்த்து மின்னஞ்சல். அந்தக் கட்டடத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் யாரென்றால், ராத்திரி ஒன்பது மணிக்குக் குப்பைத்தொட்டிகளைக் காலி செய்ய வரும் நாலு பெண்கள். அவர்கள் வருவதற்குள் டாக்கோவும் தீர்ந்திருக்கும், தொப்பியும் அவர்கள் அள்ள வேண்டிய குப்பையில் கிடக்கும். அவர்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. இங்கே வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

இந்த ஊர் வேறு. பல்கலைக்கழகத்திலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. ஆற்றுக்கு இந்தக் கரையில் ரியோ கிராண்டே என்று பேர், அந்தக் கரையில் ரியோ பிராவோ. தண்ணீர் என்னவோ பாதி நாள் வாய்க்கால் அளவுதான். எங்கள் மாணவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஹிஸ்பானிக். அதில் ஒரு பங்கு தினமும் ஹுவாரெஸ் நகரத்திலிருந்து நடந்தே பாலத்தைக் கடந்து வருகிறவர்கள். என் ஆய்வகத்தில் ஒரு பெண், எட்டு மணி வகுப்புக்கு ஐந்து மணிக்கே வரிசையில் நிற்பாள். கடவுச்சீட்டு ஒரு கையில், பாடக்குறிப்பு ஒரு கையில். குளிர்காலத்தில் வந்து சேர்ந்ததும் விரலுக்குச் சூடு ஏறும்வரை பிப்பெட்டைத் தொட மாட்டாள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல்கலைக்கழகக் கட்டடங்கள் எல்லாம் பூட்டான் பாணி! நிஜமாகத்தான். 1914இல் ஒரு பத்திரிகையில் வந்த பூட்டான் மடாலயப் படங்களைப் பார்த்து, அன்றைய டீனின் மனைவி சொன்ன யோசனை. சாய்ந்த சுவர், அகலமான கூரை. பாலைவனத்தில் இமயமலைக் கட்டடம், அதற்குள் ஸ்பானிஷ் பேச்சு, நடுவில் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவர்களை எந்தப் பேரால் கூப்பிடுவது என்பதிலேயே பெரிய தகராறு. அதைப் படித்தால் தமிழாசிரியைக்கு ருசிக்கும். ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் மொழிவழி வந்தவர்கள், ஸ்பெயின்காரரும் சேர்த்தி. லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்கர், போர்த்துகீஸ் பேசும் பிரேசில்காரரும் சேர்த்தி. ஸ்பானிஷில் பெயர்ச்சொல் எல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால். பையன் லத்தீனோ, பெண் லத்தீனா. தொண்ணூற்றொன்பது பெண்களும் ஒரே ஒரு பையனும் இருந்தாலும் லத்தீனோஸ்தான். இது என்ன நியாயம் என்று கேட்டவர்கள் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டார்கள்: லத்தீனெக்ஸ். ஸ்பானிஷ் வாயில் அது நுழையவில்லை. பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கில் நூற்றுக்கு மூன்று பேர்தான் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது சில மாணவர்கள் 'லத்தீனே' என்கிறார்கள், அது கொஞ்சம் வாய்க்கு வருகிறது. மாணவன், மாணவி என்று திண்டாடாமல் 'மாணவர்' என்று ஒரு 'அர்' போட்டுத் தப்பிக்க எங்கள் மொழியில் வழி இருக்கிறது என்று சொன்னேன். உன் பலர்பால் பாடத்தை மதிய உணவு மேசையில் நடத்தியிருக்கிறேன், சம்பளத்தில் பாதி உனக்கு.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், தெற்கு மெக்சிகோவின் ஓஹாகா பக்கத்தவன், மெல்ல வாயைத் திறந்தான். அவன் பாட்டிக்கு ஸ்பானிஷே தெரியாதாம், அவள் பேசுவது மிஸ்டெக், அந்த மண்ணின் பூர்வகுடி மொழி. எந்த எழுத்தைப் போட்டாலும் அவளுக்கு அந்தப் பேர் பொருந்தாது என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த வருஷ விழாவை நடத்தியது மாணவர் சங்கங்கள்தான். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கென்று அலுவலகம் வைத்து நடத்தக்கூடாது என்று 2024 ஜனவரியிலிருந்து சட்டம். மாணவர் சங்கங்களுக்கும் பாடம் நடத்துவதற்கும் அதில் விலக்கு உண்டு. அதனால் பிள்ளைகளே உண்டியல் குலுக்கி, வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து, தோரணம் வெட்டினார்கள். சட்டம் சரியில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் விழா நன்றாகவே இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

ஆட்டம் பாட்டம் முடிந்ததும் ஒரு மாணவி மேடையேறி ஒரு சம்பவத்தைச் சொன்னாள். 1917 ஜனவரி 28. ஹுவாரெஸிலிருந்து டிராம் வண்டியில் பாலத்துக்கு வருகிறாள் கார்மெலிதா டோரஸ், வயது 17, எல் பாசோவில் வீட்டுவேலை செய்பவள். அந்த நாளில் பாலம் கடந்து வருகிறவர்களுக்குப் பேன் ஒழிக்கிறோம் என்று துணியெல்லாம் கழற்றவைத்து, பெட்ரோல் கலந்து குளிப்பாட்டுவார்கள். முந்தைய வருஷம்தான் எல் பாசோ சிறையில் அதே மாதிரிப் பெட்ரோல் குளியலின்போது தீப்பற்றி இருபது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். குளிக்கும் பெண்களைப் படம் பிடிக்கிறார்கள் என்றும் ஊரில் பேச்சு. மாட்டேன் என்றாள் கார்மெலிதா. டிராமில் இருந்த மற்ற பெண்களையும் இறங்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பாலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள், டிராம் தண்டவாளத்தை மறித்துக்கொண்டு. அவளைக் கைது செய்தார்கள். குளிப்பாட்டுவது அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் நடந்தது. அந்தப் பாலம் இருந்த இடத்தில்தான் இப்போதைய பாலமும் நிற்கிறது. என் ஆய்வகப் பெண் காலை ஐந்து மணிக்கு நிற்பது அங்கேதான்.

எங்கள் துறை அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், எல்லோரும் 'தோன்யா' என்போம், மரியாதைச் சொல். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "என் அப்பா மேல் தூள் அடித்தார்கள்" என்றார், வேறொன்றும் சொல்லாமல். பிறகு காரில் போகும்போது விவரம் சொன்னார். 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் பண்ணைவேலைக்கு ஆள் எடுத்தார்கள். பிரசேரோ என்று பேர், பிராசோ என்றால் கை, அதாவது கை மட்டும் வந்தால் போதும் என்று கூப்பிட்ட ஆட்கள். 45 லட்சத்துக்கு மேல் ஒப்பந்தங்கள். இங்கே பக்கத்தில் ரியோ விஸ்டா என்ற பண்ணையில்தான் பலரைச் சோதித்து உள்ளே விட்டார்கள், டி.டி.டி. பூச்சிக்கொல்லித் தூளை மேலே அடித்துவிட்டு. அந்த மனிதர்களின் குரல்களைப் பதிவு செய்து எங்கள் பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்று நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். தோன்யாவின் அப்பா குரல் அதில் இல்லை. கேட்க வந்தபோது, பருத்தி எடுத்தேன், சம்பளம் வாங்கினேன், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அனுப்பிவிட்டாராம்.

அன்று அவர் வீட்டில் தமாலே செய்தோம். டிசம்பரில்தான் செய்வார்களாம், எனக்காக முன்னாலேயே. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோல் கழன்றதும் அரைத்த மாவு. அதில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். புரட்டாசி, கறி கிடையாது என்றேன். அது என்ன மாதம் என்று கேட்டார். உங்கள் மரபு மாதமும் எங்கள் விரத மாதமும் ஒன்று என்றதும் சிரித்துவிட்டு, எனக்கு மட்டும் எண்ணெய் ஊற்றித் தனியாகப் பிசைந்தார். மாவு பதமாகிவிட்டதா என்று எப்படிப் பார்த்தார் தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் சின்ன உருண்டை போட்டார். மிதந்தது. உன் அம்மா உளுந்து மாவை வழித்துப் போட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, மிளகாய் வதக்கின நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊறவைத்த மக்காச்சோளத் தோலை விரித்து, வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, நடுவில் மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, வால் பகுதியைக் கீழே திருப்பி, நட்டுவைத்தாற்போல அண்டாவில் அடுக்கி ஆவியில் வேகவைக்க வேண்டும். நான் மடித்த நாலும் பிரிந்துகொண்டன. தோன்யாவின் பேத்தி, ஏழு வயசு, வாயே திறக்காமல் அவற்றை மறுபடி மடித்து வைத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் பழப்பேச்சு வந்தது. சப்போட்டா என்றேன், "ஸபோத்தே!" என்று குதித்தாள். மரமும் பேரும் அவர்கள் ஊரிலிருந்து வந்தவைதான். மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான், நாம் மிளகு என்ற பேரில் ஒட்டிவைத்துக்கொண்டோம்.

உங்கள் ஊரில் கொழுக்கட்டையை எதில் மடிப்பீர்கள் என்று கேட்டாள். பனையோலையில் என்றேன். வரைந்து காட்டினால் தென்னை மாதிரி இருக்கிறது என்கிறாள். அதனால் ஒரு உதவி செய். கார்த்திகைக்கு உங்கள் வீட்டில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பீர்கள் அல்லவா, ஓலையை நறுக்குவதிலிருந்து கட்டி முடிப்பதுவரை படம் எடுத்து அனுப்பு. உன் கையையும் சேர்த்து எடு. ஓலையை விமானத்தில் விடமாட்டார்கள். கருப்பட்டி ஒரு கிலோ, ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி