சைக்கிள் பந்தய வர்ணனை: கேமரா காட்டாததையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பதுதான் முக்கியத் தொழில். கொஞ்ச காலமாக கியர் சைக்கிள்களும் விற்கிறேன். ஜூலை மாதம் வந்துவிட்டால், பல நாள் ஓடி மொத்த நேரத்தைக் கூட்டி வென்றவரைத் தீர்மானிக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அங்கே மாலை ஐந்தரைக்கு முடிகிற பந்தயம் நமக்கு இரவு ஒன்பது மணிக்கு முடியும். கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் கடைசி மலையையாவது பார்த்துவிடலாம். படம் ஆண்டுக்கு ஆண்டு அருமையாகிக்கொண்டே வருகிறது. கூடவே வரும் ஆங்கில வர்ணனையைக் கேட்டால்தான் மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் வாசகர்களிலும் இந்தப் பந்தயங்களைப் பார்ப்பவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் வர்ணனையாளர் வாயே திறக்காவிட்டாலும் பந்து எங்கே போனது என்று நமக்குத் தெரியும். கபடியிலும் அப்படித்தான், மொத்தக் களமும் கண் முன்னால் இருக்கிறது. சைக்கிள் பந்தயம் வேறு. முன்னால் ஐந்து பேர் தப்பித்துப் போயிருப்பார்கள். நான்கு நிமிடம் பின்னால் நூற்றைம்பது பேர் கூட்டமாக வருவார்கள். அதற்கும் பின்னால் மலையேறத் திணறுகிறவர்கள் தனியாக ஒரு கூட்டம். எல்லாரும் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடப்பார்கள். கேமரா ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் காட்டும். யார் எங்கே இருக்கிறார், இடைவெளி எவ்வளவு, அது கூடுகிறதா குறைகிறதா, எதனால், இதையெல்லாம் வாயால் சொன்னால்தான் உண்டு. இந்த விளையாட்டில் வர்ணனை இல்லாமல் பந்தயமே புரியாது என்கிறேன்.

வர்ணனையாளர்கள் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளிலும் ஹெலிகாப்டரிலும் எடுக்கிற படம், மேலே வட்டமடிக்கும் விமானம் வழியாக முடிவுக் கோட்டுக்கு அருகில் நிற்கும் ஒளிபரப்பு வண்டிகளுக்கு வருகிறது. பிரெஞ்சுத் தொலைக்காட்சி அதைத் தொகுத்து உலகம் முழுவதற்கும் கொடுக்கிறது. எந்தப் படம் வரவேண்டும் என்பது வர்ணனையாளர் கையில் இல்லை. இப்போது நிறைய பேர் பிரான்சுக்குப் போவதுகூட இல்லை, வேறு நாட்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்து நாம் பார்க்கிற அதே படத்தைப் பார்த்துதான் பேசுகிறார்கள். சரி. ஆனாலும் அவர்களிடம் எண் வாரியாக வீரர்கள் பட்டியல் இருக்கிறது, ஜிபிஎஸ் கணக்கில் நேர இடைவெளி வருகிறது, பந்தய அதிகாரிகளின் ரேடியோ அறிவிப்பும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் பாதிகூட கிடையாது.

நல்ல வர்ணனை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1987 டூர் டி பிரான்சில் லா பிளாஞ் மலை. அதைப் பதிவாகத்தான் பார்த்திருக்கிறேன், இணையத்தில் இன்னும் கிடைக்கிறது. ஸ்பெயினின் பெட்ரோ டெல்காடோ, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருக்கிறார். அயர்லாந்தின் ஸ்டீபன் ரோஷை மலையில் ஒன்றரை நிமிடம் போலப் பின்னால் தள்ளிவிட்டார். கேமரா எல்லாம் முன்னால் போய்விட்டது. ரோஷ் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிரான்சின் லாரன் ஃபின்யோன் முதலில் வந்து முடிக்கிறார். அப்புறம் டெல்காடோ வளைவில் திரும்பி வருகிறார். அவருக்குப் பின்னால், மூடுபனியும் வண்டிகளும் கலந்த அந்த மசமசப்பில், இன்னொரு உருவம் தெரிகிறது. பிரிட்டிஷ் வர்ணனையாளர் ஃபில் லிகெட் அது யார் என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்கிறார், ரோஷ் மாதிரி இருக்கிறதே என்கிறார், அப்புறம் ரோஷேதான் என்று கத்துகிறார். டெல்காடோவுக்கும் ரோஷுக்கும் இடையில் வெறும் 4 விநாடி. ரோஷ் கோட்டைத் தாண்டியதும் கீழே சரிந்து விழ, பிராண வாயு வைத்தார்கள். அந்த ஆண்டுப் பட்டத்தை அவர் 40 விநாடியில் ஜெயித்தார்.

லிகெட் கத்தியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்குத் தெரியாதபோது தெரியாது என்று குரலே சொன்னது. தெரிந்த அந்த நொடியில் குரல் உயர்ந்தது. இன்றைக்கு நான் கேட்கிற ஒளிபரப்பில் முடிவுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போதே குரல் உச்சத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் ஏதாவது நடக்கும்போது மேலே போக இடமே இல்லை.

கணக்கு வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் இருக்கிறது. 2021 ஜூலையில் நடந்த பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் அன்னா கீசென்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. பந்தயம் தொடங்கியதுமே ஐந்து பேராகத் தப்பித்துப் போனார்கள். முடிவுக்கு நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும்போது மிச்சமிருந்த இருவரையும் விட்டுவிட்டு இவர் தனியாகப் போய்விட்டார். அந்த இருவரைக் கடைசியில் பிடித்ததும் எல்லாரையும் பிடித்துவிட்டோம் என்று நெதர்லாந்து அணியினர் நினைத்துக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் வீரர்கள் காதில் ரேடியோ வைக்க அனுமதி இல்லை. நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் 75 விநாடி பின்னால் வந்து தங்கம் வென்றதாகவே நினைத்துக் கையைத் தூக்கினார். சாலையில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்னால் ஒருவர் பாக்கி இருக்கிறார் என்பதை வர்ணனையாளர் விடாமல் சொன்னால்தான் அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரின் பதைபதைப்பு பார்ப்பவருக்குக் கிடைக்கும்.

இப்போது என் தொழில் சம்பந்தமான ஒன்று. யாராவது சாலையோரம் நின்றுவிட்டால் "மெக்கானிக்கல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பஞ்சரா, செயின் கழன்றதா, கியர் கம்பி போனதா, சக்கரம் கோணியதா? ஒவ்வொன்றுக்கும் ஆகிற நேரம் வேறு. சக்கரம் மாற்றுவது பழகிய கைக்குச் சில விநாடி வேலை. கியர் மாற்றும் பகுதி வளைந்துபோனால் அங்கே நின்று சரிசெய்ய முடியாது, சைக்கிளையே மாற்ற வேண்டும். 2022 டூர் டி பிரான்சில், வட பிரான்சின் கல் பாவிய சாலையில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோவின் சைக்கிள் பழுதானபோது, அவரைவிட மிக உயரமான அணித் தோழரின் சைக்கிளை வாங்கி ஏறிப் பார்த்தார். சீட்டு எட்டவே இல்லை. அப்புறம் வேறு சைக்கிள் தேட வேண்டியதாயிற்று. சீட்டு உயரம் ஒரு விரல்கடை மாறினாலே முட்டி வலிக்கிறது என்று கடைக்கு வந்து நிற்கிறார்கள். அப்படியிருக்க, அந்தச் சைக்கிளில் அவரால் ஏன் ஓட்ட முடியவில்லை என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

2010 டூர் டி பிரான்சில் ஜூலை 19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைரனீஸ் மலையில் போர்ட் தெ பாலெஸ் ஏற்றம். லக்சம்பர்க்கின் ஆண்டி ஷ்லெக் மஞ்சள் ஜெர்சியில், 31 விநாடி முன்னிலையில் இருக்கிறார். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எழுந்து மிதித்து வேகம் எடுக்கிறார். உடனே செயின் கழன்றுவிட்டது. அவர் இறங்கிக் கையால் செயினை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய முக்கிய எதிராளி, ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ கொண்டடோர் தாண்டிப் போய்விட்டார். அன்றைக்கு ஷ்லெக் இழந்தது 39 விநாடி. கடைசி நாள் பாரிசில் கொண்டடோர் பட்டம் ஜெயித்த வித்தியாசமும் அதே 39 விநாடி. பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் 2012ல் அந்தப் பட்டம் கொண்டடோரிடமிருந்து பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குப் போனது தனிக்கதை.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு எல்லாம் நியாயம், தர்மம் பற்றித்தான். எதிராளிக்குச் செயின் கழன்றால் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? அது பேச வேண்டியதுதான், நானே கடையில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆனால் செயின் ஏன் கழலும் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா? உடம்பு பாரம் முழுவதும் பெடலில் இருக்கும்போது கியர் மாற்றினால் செயின் பல்லை விட்டுத் துள்ளி வெளியே விழ வாய்ப்பு அதிகம். அரை விநாடி மிதியைத் தளர்த்திவிட்டு மாற்ற வேண்டும். போட்டியில் எதிராளியை உதறிவிட்டுப் போகும் அந்த நொடியில் தளர்த்த மனசு வராது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பதிவைத் திரும்பப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

2017லிருந்து டூர் டி பிரான்சின் எல்லா நாள் பந்தயத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காட்டுகிறார்கள். நாலு, ஐந்து மணி நேரம் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கோட்டை, தேவாலயம், திராட்சைத் தோட்டம் என்று பேச்சு போவதில் எனக்கு வருத்தமில்லை. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஜான்-பால் ஒலிவியே அந்த வேலையைப் பல ஆண்டுகள் ஆசையாகச் செய்தவர், ஊர்களின் வரலாற்றை அத்தனை தெரிந்து வைத்திருந்தார். என் வருத்தமெல்லாம் நேரம் பார்க்காமல் பேசுவதில்தான். போன ஜூலையில் ஒருநாள் ஏதோ ஒரு மாளிகையின் கதை ஓடிக்கொண்டிருந்தது. கடையில் உதவிக்கு இருக்கும் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, கூட்டம் ரெண்டாப் பிரியுது பாருங்க" என்றான். அவன் சொன்னபிறகும் மாளிகைக் கதை முடிய ரொம்ப நேரம் ஆனது.

பக்கக் காற்று அடிக்கும்போது கூட்டம் பிரிவதைப்போல நுட்பமான விஷயம் இந்த விளையாட்டில் வேறு கிடையாது. காற்று இடப்பக்கமிருந்து வந்தால் ஒருவர் பின் ஒருவர் வலப்பக்கமாகச் சற்றே விலகி, சாலையின் குறுக்கே சாய்கோடாக நிற்பார்கள். முன்னால் இருப்பவர் காற்றைத் தடுப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு பெரிய அளவில் குறைகிறது. சாலை அகலம் தீர்ந்த இடத்தில் அந்தக் கோடும் முடிந்துவிடும். அதற்கு அடுத்தவர் ஓரத்தில் மறைப்பில்லாமல் முழுக் காற்றையும் வாங்குகிறார். அவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டாலும் போதும், அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போய்விட்டார்கள். 2020 டூர் டி பிரான்சில், லவோர் ஊரில் முடிந்த ஒருநாள் ஓட்டத்தில் ஸ்லோவேனியாவின் ததேய் போகாச்சர் இப்படித்தான் 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். அந்த ஆண்டுப் பட்டத்தையே கடைசியில் 59 விநாடி வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். காற்று எந்தப் பக்கம், சாலை அடுத்து எங்கே திரும்புகிறது என்று பத்து கிலோமீட்டர் முன்னாலேயே சொல்கிறவர்தான் எனக்கு வர்ணனையாளர்.

இதை நன்றாகச் செய்தவர்கள் பெரும்பாலும் ஓட்டியவர்கள். அயர்லாந்தின் ஷான் கெல்லி பாரிஸ்-நீஸ் பந்தயத்தைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள், 1982 முதல் 1988 வரை ஜெயித்தவர். மைக்கில் அதிகம் பேசமாட்டார். அலட்டாத குரலில் அவர் சொன்ன சின்ன வாக்கியம் பல சமயம் ஐந்து நிமிடத்தில் அப்படியே நடக்கும். பிரான்சில் ராபர்ட் ஷாபாட் என்று ஒருவர் இருந்தார். டூர் டி பிரான்சில் ஓட்டிவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர். ஒரு நிமிட இடைவெளியைப் பெருங்கூட்டம் பிடிக்கப் பத்து கிலோமீட்டர் வேண்டும் என்ற கணக்கை இன்றும் ஷாபாட் விதி என்றுதான் சொல்கிறார்கள். வர்ணனையாளர் ஒருவர் ரசிகர்கள் கையில் இப்படி ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது இடைவெளி நான்கு நிமிடம் என்றால் முன்னால் இருப்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு என்று என் கடைப் பையனே இப்போது கணக்குப் போடுகிறான்.

புகழ்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. 2001ல் ஆல்ப் துவெஸ் மலைக்குப் போகும் வழியில் அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் களைத்துப்போனதுபோல நடித்தார். எதிரணி மேலாளர்கள் காரில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு வருவார்கள் என்று தெரிந்துதான் நடித்தார். வர்ணனையாளர்களும் நம்பினார்கள். அது ஒருநாள் ஏமாற்று, போகட்டும். அவர் தொடர்ந்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ஏழு ஆண்டுகளும் அவரைக் கொண்டாடிய அளவுக்கு, ஒளிபரப்பில் கேள்வி எழவில்லை. 2012ல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஏழு பட்டங்களும் போயின. டேவிட் வால்ஷ் போன்ற பத்திரிகையாளர்கள் அந்தக் கேள்வியை முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வர்ணனையாளர் வீரர்களுக்கு நண்பராக இருப்பதில் தவறில்லை, மைக் முன்னால் பார்ப்பவர்களின் ஆளாக இருக்க வேண்டும்.

விபத்து நடக்கும்போது தயவுசெய்து குரலைத் தாழ்த்துங்கள். 2023 ஜூனில் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் ஜீனோ மேடர் மலை இறக்கத்தில் விழுந்து உயிரிழந்தார். வயது 26. விழுந்தவர் எழுந்தாரா என்று தெரியாத வரை அந்தக் காட்சியைப் பரபரப்பாக விவரிப்பதைக் கேட்க முடியவில்லை.

கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் தமிழ் வர்ணனை வந்துவிட்டது. சைக்கிள் பந்தயத்துக்கும் ஒருநாள் வரும் என்று நம்புகிறேன். அப்படி வந்தால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில், சாலையில் பந்தயம் ஓட்டிய ஒருவரையும் கட்டாயம் உட்கார வையுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரத்தை முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம் மற்ற கதைகளைப் பேசட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் ஜூலையில் வென்றவர் பெயரோடு நிறுத்திவிடாமல், முதல் ஐந்து பேரின் நேர வித்தியாசத்தையும், அன்றைக்குப் பந்தயம் எந்த இடத்தில், எதனால் உடைந்தது என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். பந்தயம் நம் நேரத்துக்கு இரவு ஒன்பதுக்கே முடிந்துவிடுவதால் மறுநாள் பதிப்பிலேயே வந்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.