காசிக்குப் போகும் வண்டி: நாவல் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 1856ல் கல்கத்தாவிலிருந்து காசிக்குக் கிளம்பும் உன் கதாநாயகன், கல்யாண ஊர்வலத்துச் சாரட்டில் போகிற மாதிரி சொகுசாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சரித்திரக் கதை எழுதும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில், அவன் கல்கத்தாவிலேயே குதிரை வண்டி ஏறியிருக்க மாட்டான். 1855 பிப்ரவரியிலேயே ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கே இறங்கித்தான் கிராண்ட் டிரங்க் ரோட்டில் 'டாக் காடி' பிடிக்க வேண்டும், அதாவது தபால் வண்டி. வெள்ளைக்காரன் வாயில் அது 'காரி' ஆனது. நீயும் காரி என்றே எழுது. காடி என்றால் நம் ஆட்களுக்குப் புளிப்புதான் ஞாபகம் வரும்.

அது பல்லக்குக்குச் சக்கரம் வைத்த வண்டி. 1827ல் கல்கத்தாவில் பல்லக்குத் தூக்கிகள் பெயரைப் பதிந்து வில்லை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஒரியாக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பிரௌன்லோ என்பவர் தன் பல்லக்குக்கு நாலு சக்கரம் மாட்டிக் குதிரையைப் பூட்டினார் என்று சொல்வார்கள். டாக் காரியும் அதே மரப்பெட்டிதான். பக்கவாட்டில் தள்ளுகதவு, கூரை மேல் மூட்டை முடிச்சு. இரண்டு இருக்கைக்கும் நடுவில் பலகை போட்டு மெத்தை விரித்தால் படுக்கை. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரிப் பயணம். உன் ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலை ரசிக்கிறான். பாவம், அவன் இருட்டில் படுத்துத் தூக்கம் வராமல் புரண்டிருக்க வேண்டியவன்.

அப்புறம் குதிரை. ஐந்தாறு மைலுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கிளம்பிவிட்டால் அடுத்த சாவடி வரை நாலுகால் பாய்ச்சல்தான். ஆனால் கிளம்ப வேண்டுமே! அந்தக் காலப் பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. கோச்சுவான் சாட்டையால் விளாசுவான், கொஞ்சுவான், அதன் வம்சத்தையே திட்டுவான். ஒருவன் முன்னங்காலில் கயிறு கட்டி இழுப்பான். இரண்டு பேர் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துத் தள்ளுவார்கள். குதிரை பின்னால் நகரும், பள்ளத்துப் பக்கம் திரும்பும், உதைக்கும். பிறகு என்ன தோன்றுமோ, பிய்த்துக்கொண்டு ஓடும். அடுத்த சாவடியில் மறுபடி இதே கூத்து.

உன் அத்தியாயத்தில் கதாநாயகன், கோச்சுவான், குதிரை தவிர வேறு ஆளே இல்லை. நிஜத்தில் அந்த ஒற்றை வண்டியை நகர்த்த வழிநெடுக ஒரு கூட்டமே உழைத்தது. கொம்புச் சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்து எழும் குதிரைக்காரர்கள், ஹசாரிபாக் மேடுகளில் தோள் கொடுத்துத் தள்ளும் கூலிகள். டெஹ்ரி பக்கத்தில் சோன் நதியைக் கடக்க, குதிரையை அவிழ்த்துவிட்டு மாடுகளைப் பூட்டி மணலில் இழுக்க வேண்டும். தண்ணீர் உள்ள இடத்தில் வண்டியையே படகில் ஏற்ற வேண்டும். அதை மட்டுமே ஓர் அத்தியாயமாக எழுதலாம். வழியில் பயணிகள் தங்கும் டாக் பங்களாவில் சாப்பாடு கேட்டால், முற்றத்தில் ஓடும் கோழியைத் துரத்திப் பிடித்து அங்கேயே குழம்பு வைப்பார்கள், அதையும் விடாதே.

கதையை 1865க்குத் தள்ளலாமா என்று கேட்டாய். வேண்டாம். 1862லேயே ரயில் காசிக்கு எதிர்க்கரைப் பக்கம் முகல்சராய்க்கு வந்துவிட்டது. அந்தச் சாலையில் காரிக்கு மவுசு போய்விட்டது. வேண்டுமானால் ஒரு வருடம் மட்டும் தள்ளு. 1857 மே மாதம் சிப்பாய்க் கலகத்தை அடக்கச் சென்னையிலிருந்து கப்பலில் வந்த மதராஸ் ஃபியூசிலியர்ஸ் வெள்ளைப் பட்டாளத்தை ராணிகஞ்சிலிருந்து காசிக்கு இதே சாலையில்தான் கொண்டுபோனார்கள். வண்டி போதாமல் கொஞ்சம் கொஞ்சமாக. தலைமை கர்னல் நீல். மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, போராட்டத்துக்குப் பின் 1937ல் மியூசியத்துக்குப் போனாரே, அவரேதான். உன் கதாநாயகன் ஊர் திரும்பும் ராத்திரியில் எதிரே அந்த வண்டிகள் வரட்டும். சாவடியில் முதல் குதிரை யாருக்கு என்பதிலேயே உனக்குச் சண்டை கிடைத்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்