நான் கேட்ட கேள்வியும் நீங்கள் சொன்ன பதிலும்: நாய்ச் சாமான்கள் பற்றிய முறைப்பாடு

அக்கராயன்குளம்,
கிளிநொச்சி.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மா,

விடயம்: ஓகஸ்ட் மாதம் வாங்கிய நான்கு பொருட்களில் மூன்றைத் திருப்பி எடுத்துப் பணம் தருதல்

உங்கள் இணையக்கடையில் ஓகஸ்ட் நடுப்பகுதியில் நான்கு பொருட்கள் வாங்கினேன். காலுள்ள இரட்டைச் சாப்பாட்டுப் பாத்திரம் 8,450 ரூபா, தானாகத் தண்ணீர் இறங்கும் போத்தல் 3,950 ரூபா, 15 கிலோ நாய்ச் சாப்பாடு கொள்ளும் மூடிப்பெட்டி 6,900 ரூபா, குளிர்ச்சிப் பாய் 4,750 ரூபா. கூரியர் கூலி 650 ரூபாவோடு மொத்தம் 24,700 ரூபா. வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, கிளிநொச்சி நகருக்கு வந்து எடுங்கள் என்றார்கள். மகன் மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை போய்க் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது ஒக்டோபர் முதல் வாரம். நான்கில் ஒன்றுகூடப் பாவனையில் இல்லை.

வாங்குவதற்கு முன்பே நான் கேட்டேன். இதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு நான் எழுதியது இது: என் இரண்டு நாய்களும் வீட்டுக்குள் வருவதில்லை, விறாந்தையிலும் மாமர நிழலிலும் கிடப்பவை. பின்னேர வெயில் விறாந்தைவரை வரும். கிணற்றுத் தண்ணீர் சவர். எறும்பு அதிகம். இதற்கெல்லாம் இந்தச் சாமான்கள் தாக்குப்பிடிக்குமா? ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஓம் அக்கா, எல்லா இடத்துக்கும் பொருத்தம். வெளியிலும் வைக்கலாம்." அந்த உரையாடலின் பிரதியை இணைத்திருக்கிறேன். அந்தப் பதிலை நம்பித்தான் காசு போட்டேன்.

பாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கறுப்பிக்குப் பதினொரு வயது. முன்னங்கால் மூட்டு இறுகிவிட்டது, குனிந்து தின்னச் சிரமப்படுகிறது. அதற்காகத்தான் காலுள்ள பாத்திரம் தேடினேன். "304 தர எவர்சில்வர், துருப்பிடிக்காது" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். பாத்திரத்தின் அடியிலும் 304 என்று பொறித்திருக்கிறது. மூன்றாவது கிழமை உள்விளிம்பில் மண்ணிறப் புள்ளிகள் வந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போனது. நான்கு நாளில் திரும்ப வந்துவிட்டது.

என் தம்பி பரந்தனில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்தான். டக் என்று பிடித்துக்கொண்டது. கவிழ்த்துப் பிடித்து உதறியும் விழவில்லை. 304 என்றால் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்க வேண்டும், அந்த நிக்கல் இருப்பதால் காந்தம் ஒட்டாது, அழுத்தி வளைத்த விளிம்பில் வேண்டுமானால் இலேசாக இழுக்கும் என்று விளங்கப்படுத்தினான். தட்டையான அடியில் இப்படி இறுகப் பிடித்தால் அது நிக்கல் இல்லாத 430 போன்ற வகையாக இருக்கவே கூடுதல் இடமுண்டாம். அதுவும் எவர்சில்வர்தான், கரண்டி தட்டெல்லாம் அதில் செய்கிறார்கள். ஆனால் உப்புள்ள தண்ணீர் நாள் முழுக்க நின்றால் அதில் கறள் பிடிக்கும். நான் 8,450 ரூபா கொடுத்தது 304 என்ற அந்த எண்ணுக்கு. அது இல்லையென்றால், கிளிநொச்சிச் சந்தையில் நல்ல கனமான சட்டி இதில் கால்பங்கு விலைக்கு வாங்கியிருப்பேன்.

கால்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே வெறும் கோறை. அடியில் இறப்பர் இல்லை, சீமெந்துத் தரையில் வழுக்குகிறது. எங்கள் மற்ற நாய் வீமன் அல்சேஷன் கலப்பு, 30 கிலோ இருக்கும். அது வாயை வைத்தவுடன் பாத்திரம் நகர்ந்துகொண்டே போய்ப் படியில் விழும்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. "உயரத்தில் வைத்துத் தின்னக் கொடுத்தால் வயிறு ஊதிப் புரளும் நோய் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000 இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய இன நாய்களுக்கு உயரமான பாத்திரத்தில் தின்பதால் அந்த ஆபத்துக் கூடுவதாகவே கண்டிருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைச் சொல்லவில்லை, அதனால் அது முடிந்த கதை என்று தான் சொல்லமாட்டேன் என்றாள். ஆனால் நோயைத் தடுக்கும் என்று உறுதிகொடுக்க யாருக்கும் இடமில்லை. வயிறு புரண்டால் சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அக்கராயனில் இருந்து இராத்திரி நேரத்தில் 30 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? கறுப்பி போன்ற மூட்டு வலியுள்ள கிழட்டு நாய்க்கு உயரம் சுகம் தரும், அதைச் சொல்லி விற்றால் போதும். நெஞ்சு ஆழமான பெரிய நாய் வைத்திருப்பவரிடம் அந்த வாக்கியத்தைக் காட்டி விற்காதீர்கள்.

இனிச் சாப்பாட்டுப் பெட்டி. என் மனதை அதிகம் நோகடித்தது இதுதான். காற்றுப் புகாது, எறும்பு புகாது, ஈரம் புகாது என்று பெட்டியின் நான்கு பக்கமும் அச்சடித்திருக்கிறது. மூடியின் இறப்பர் வளையத்தின் இரண்டு நுனியும் ஒன்றோடொன்று சேரவில்லை. இடையில் என் சுண்டுவிரல் நகம் நுழையும் இடைவெளி. இரண்டாவது கிழமை காலையில் மூடியைத் திறந்தால் சுவரிலிருந்து ஒரே சாரையாக எறும்பு. வழமையில் நாங்கள் அகலத் தட்டத்தில் தண்ணீர் விட்டு அதற்குள் சட்டியை வைப்போம், எறும்பு அண்டாது. உங்கள் பெட்டியை நம்பி அதை விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். பெட்டியோடு வந்த தாளில், சாப்பாட்டைப் பையிலிருந்து நேரே கொட்டி நிரப்பிவிட்டுப் பையை அப்புறப்படுத்துங்கள் என்று இருந்தது. அப்படியே செய்தேன். புதிதாக வாங்கிய 10 கிலோவைக் கொட்டிவிட்டுப் பையை எரித்தேன். செப்ரெம்பர் கடைசியில் பின்னேரங்களில் மழை பெய்யத் தொடங்கியது. ஒருநாள் பெட்டியின் அடியில் கையை விட்டால் உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகி, சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. மேலே இருந்தவை பழைய எண்ணெய் மணத்தன. வீமன் அன்றும் மறுநாளும் சத்தி எடுத்தது, தண்ணீர்கூடத் தங்கவில்லை.

மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, சாப்பாட்டின் தொகுதி இலக்கம் என்ன, முடிவுத் திகதி என்ன என்பது. இரண்டும் அடுப்பில் சாம்பலாகியிருந்தன. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டைப் பையோடேயே பெட்டிக்குள் இறக்கி, பையின் வாயை மடித்துக் கட்டி, அதற்குமேல் மூடியைப் போட வேண்டும் என்று அவர் சொன்னார். இலக்கமும் திகதியும் கையில் இருக்கும், சாப்பாட்டின் எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஊறிப் பழையதாகி அடுத்த பையைக் கெடுக்காது. சோளமும் கடலையும் சேர்ந்த சாப்பாட்டில் வளரும் சில பூஞ்சணங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை விடும், அவித்தாலும் அது போகாது என்றும் எச்சரித்தார். வீமன் சுகமாகிவிட்டது. அந்தச் சாப்பாட்டால்தான் வருத்தம் வந்தது என்று அவர் அறுதியாகச் சொல்லவில்லை, ஆகவே நானும் உங்கள்மேல் அந்தப் பழியைப் போடவில்லை. ஆனால் பையை எறியச் சொன்னது உங்கள் தாள். அதை மாற்றுங்கள்.

தண்ணீர்ப் போத்தலைப் பார்க்கும்போதெல்லாம், இதைச் செய்தவர் ஒரு தடவையாவது கழுவிப் பார்த்திருப்பாரா என்று தோன்றுகிறது. வாய் அவ்வளவு ஒடுக்கம், என் கை போகாது. தடியில் துணி சுற்றி விட்டாலும் அடிமூலை எட்டாது. போத்தல் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக், வெளிச்சம் பட்டுப் பத்து நாளில் பச்சைப் பாசி. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சாதாரணமாகவே ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும், சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்த நாட்களில் இன்னும் கூட. அதற்காகத்தான் பெரிய போத்தல் வாங்கினேன். வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் காற்றுச் சூடாகி விரிந்து தண்ணீரைத் தள்ளிவிடும், தட்டு நிரம்பி விறாந்தை முழுக்க ஓடும். மத்தியானம் வயலிலிருந்து வந்து பார்த்தால் போத்தல் வெறுமை, நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்கும். வெளியில் வைக்கலாம் என்றீர்களே, வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் சொன்னீர்களா?

குளிர்ச்சிப் பாயை வீமன் மூன்றாம் நாளே கடித்துக் கிழித்துவிட்டது. அதற்குப் பணம் கேட்கவில்லை, கடித்தது என் நாய். இரண்டும் இப்போது கயிறு பின்னிய பழைய கட்டிலில் படுக்கின்றன. அடியில் காற்றுப் போவதால் அதுவே அவற்றுக்குப் போதும்.

நாய்க்கு இவ்வளவு காசு எதற்கு என்று ஊரிலும் கேட்டார்கள். உங்கள் தொலைபேசியில் பேசிய தம்பியும், ஒரு நாய்ப் பாத்திரத்துக்கா இவ்வளவு கதை என்ற மாதிரித்தான் பேசினார். அவர் இளம் பிள்ளை, அவருக்காகச் சொல்கிறேன். 2008 இல் நாங்கள் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தில் ஆட்களுக்கே இடமில்லை. வீட்டு நாயின் சங்கிலியை அவிழ்த்து, மண்சட்டி நிறையச் சோறும் வாளி நிறையத் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனோம். சந்திவரை பின்னால் ஓடி வந்தது. 2010 இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, நாய் இல்லை. அந்த மண்சட்டி மட்டும் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு என் வளவில் இருக்கும் நாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் வைக்கும் பாத்திரத்தில் நான் குறை வைப்பதில்லை. காட்டுப்பன்றி வந்தாலும் ஆனை வந்தாலும் முதலில் குரைத்து எங்களை எழுப்புவது இவைதான்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். பாத்திரம், போத்தல், பெட்டி மூன்றுக்குமான 19,300 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் கூலியை நீங்கள் ஏற்க வேண்டும். கெட்டுப்போன 10 கிலோ சாப்பாட்டின் விலையில் பாதியையும் கேட்கிறேன். மூடியின் இடைவெளியை முதல் நாளே கவனிக்காதது என் பிழை, அதனால்தான் பாதி. 304 என்ற எண்ணையும், வயிறு புரளும் நோய் பற்றிய வாக்கியத்தையும், பையை எறியச் சொல்லும் தாளையும் திருத்துங்கள். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருந்து ஒருவர் வெளியில் வைக்கலாமா என்று கேட்டால், கூரைக்குக் கீழே வெயில் படாத இடத்துக்கு மட்டும் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நான் போத்தலை வாங்கியிருக்கமாட்டேன், உங்கள்மேல் கோபமும் வந்திருக்காது.

விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பற்றுச்சீட்டின் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். அது நல்ல பொருளைக் கொடுத்தவர் சொல்லக்கூடிய பேச்சு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட எனக்கு இடமிருக்கிறது. நவம்பர் நடுப்பகுதிவரை நாள் இருக்கிறது. முதலில் உங்களிடம் கேட்பதுதான் முறை என்று இதை எழுதுகிறேன். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டு, இதே கடிதத்தின் பிரதியை அங்கே அனுப்புவேன்.

பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், பாத்திரத்தின் கறளும் மூடியின் இடைவெளியும் தெரியும் படங்கள், மிருக வைத்தியரின் துண்டு எல்லாவற்றின் பிரதிகளும் இதனோடு உள்ளன. மூன்று பொருட்களையும் கழுவிக் காயவைத்து, வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பெட்டியை ஒட்டவில்லை. எடுக்க வருபவர் திறந்து பார்த்துவிட்டே கொண்டுபோகட்டும். காலையில் வயலில் நிற்பேன், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அழைத்தால் கதைக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அக்கராயன்குளம்.