நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர் தொல்லிடங்களுக்குப் பயண வசதி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர் ஆகிய இடங்களுக்குச் சுற்றுப் பேருந்தும் அடிப்படை வசதிகளும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மாணவர்களை மரபு நடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியன் என்ற முறையில் இந்த மனுவை அளிக்கிறேன். நான் பார்த்த வரையில், புதுக்கோட்டைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியங்களையும் திருமயம் கோட்டையையும் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நார்த்தாமலையின் பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை. திருச்சி – புதுக்கோட்டை சாலையில் அந்தப் பிரிவைத் தாண்டித்தான் அவர்கள் போகிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நார்த்தாமலையில் மேலமலைச் சரிவில், வெறும் பாறையின் மேல் நிற்கிறது விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். பெயரில் சோழர் இருந்தாலும், கல்வெட்டு சொல்வது வேறு. முத்தரையர் குலத் தலைவரான சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கல்லால் எடுப்பித்த கோயில் இது. மழையில் இடிந்து போனதை மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்திருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோயிலின் கருவறை வட்ட வடிவமானது; அதைச் சுற்றியுள்ள வெளிச்சுவரோ சதுரம். இப்படி ஓர் அமைப்பைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். சுற்றிலும் சிறு கோயில்கள், மேல்தளத்தில் ஆடும் பெண்களின் சிற்பங்கள், வாசலில் இரண்டு துவாரபாலகர்கள்.

கோயில் மேற்கு நோக்கியது. வாசலில் நின்றால் எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள் தெரியும். ஒன்று பழியிலி ஈச்சரம் என்ற சிவன் கோயில். மற்றொன்று சமணர் குடகு என்று அழைக்கப்பட்டாலும் உள்ளே இருப்பது திருமால்தான். ஏறக்குறைய ஒரே மாதிரியான பன்னிரண்டு உருவங்கள் சுவர் முழுக்க ஆளுயரத்தில் நிற்கின்றன. முன்னால் உள்ள மேடையின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தால் யானைகளும் யாளிகளும் வரிசையாகப் போகின்றன. மாணவர்கள் அந்த வரிசையை விட்டு நகரவே மாட்டார்கள். வழியில் பாறைச் சுனைகளும் உண்டு.

குடுமியான்மலையில் வேறொரு அதிசயம். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. கதையோ தானமோ அல்ல, சுரக் கோவைகள்! உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர், கற்பவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அதிலேயே குறிப்பு உள்ளது. இசை கற்கும் பிள்ளைகள் ஒருமுறையாவது அதன் முன் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கொடும்பாளூர் மூவர் கோயிலில், அவ்வூரை ஆண்ட வேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியரின் பெயர்களிலும் எழுப்பிய மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

இவை அனைத்தையும் பொதுப் போக்குவரத்தில் ஒரே நாளில் பார்க்க முடிய வேண்டும். எனவே சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களிலாவது புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலிருந்து நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, இலுப்பூர், கொடும்பாளூர் வழியாக ஒரு சுற்றுப் பேருந்து இயக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் பார்க்க நேரம் விட்டு அது நிற்க வேண்டும். சொந்த வண்டி இல்லாத குடும்பங்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இதுவே முதல் தேவை. மற்றவை அப்புறம்தான்.

நார்த்தாமலையில் நிழல் குறைவு. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். வயதானவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் குடிநீரும், பெண்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய சுத்தமான கழிப்பறையும் வேண்டும். நெடுஞ்சாலைப் பிரிவிலும் ஊருக்குள்ளும் தமிழில் பெரிய எழுத்தில் வழிகாட்டிப் பலகைகள் வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்பதும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே கட்டடங்களை எல்லைக்கு வெளியே, ஊர்ப்பக்கமாகவே அமைத்துவிடலாம். பாறையில் படிக்கட்டு வெட்டுவதோ, மின்விளக்கு அலங்காரம் செய்வதோ தயவுசெய்து வேண்டாம். அந்த வெறும் பாறைதான் அந்த இடத்தின் அழகு.

கூட்டம் வந்தால் சுவரில் பெயர் கீறுவதும், பாட்டில்களை எறிவதும் சேர்ந்தே வரும். சித்தன்னவாசலில் தாமரைக் குளமும் மீன்களும் பூப்பறிக்கும் உருவங்களும் எவ்வளவு மங்கிவிட்டன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அழிந்ததைத் திரும்ப வரைய முடியாது. அதனால் இந்த ஊர்களிலேயே படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இந்தியத் தொல்லியல் துறையின் உதவியோடு பயிற்சி அளித்து, ஊதியத்துடன் வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்வதும், தவறு செய்பவர்களைத் தடுப்பதும் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். ஊராருக்கு வருமானம் வந்தால் காவலும் தானாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

போக்குவரத்துக் கழகம், சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை, சம்பந்தப்பட்ட ஊராட்சிகள் ஆகியோரை அழைத்து, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இந்த இடங்களில் ஒரு கூட்டாய்வு நடத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆய்வு நாளில் உடன் வந்து, தேவையான இடங்களைக் காட்டித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்