முருகனின் கணக்கு

கால்வே, அயர்லாந்து

அன்புள்ள செல்வி,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால், கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. மாற்றுத்திறனாளியான தம்பி முருகன் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டுமானால், அவன் சார்பில் முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார் என்று காட்டும் பாதுகாவலர் சான்றிதழ் வேண்டும் என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து நான் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பைப் படிப்பதே ஏறக்குறைய அந்த ஒரு காகிதத்தைப் பற்றித்தான்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். மழை. அட்லாண்டிக் காற்று அடிக்கிற அடியில் குடை வாங்குவது தண்டச் செலவு. மற்றபடி நல்ல ஊர், நல்ல மனிதர்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அதை நிறுவிய ஜெரார்ட் குவின், பின்னாளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராகவும் இருந்தவர். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவைத்தான் இங்கே காலையும் மாலையும் அலசுகிறோம். சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான தகுதி உண்டு, அதாவது தன் முடிவைத் தானே எடுக்கலாம். முடிவெடுக்க ஒருவருக்கு உதவி தேவையென்றால் அதற்கு வழிசெய்வது அரசின் கடமை. படிக்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் எல்லா நாடுகளும் திணறுவது இங்கேதான்.

அயர்லாந்தையே எடுத்துக்கொள். 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து, தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்டவரின் பணம், இருப்பிடம், சிகிச்சை எல்லாவற்றையும் நீதிமன்றமே முடிவு செய்துவந்தது. அதற்கு மாற்றான சட்டம் 2015இல் நிறைவேறியும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். சட்டம் போட்டுவிட்டுத் தூங்குவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று இனி சொல்லாதே! பெரு நாடோ 2018இல் ஒரே ஆணையில் மாற்றுத்திறனாளிகளின் முழுத் தகுதியை ஏற்று, பாதுகாவலருக்குப் பதில் முடிவெடுக்க உதவும் துணையாளர் என்ற முறையைக் கொண்டுவந்துவிட்டது. அங்கிருந்து வந்து என்னோடு படிக்கும் பெண் அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒருநாள் நான் அவளிடம் நம் ஏர்வாடியில் இருந்த மனநோயாளிகள் காப்பகத்தைப் பற்றிப் பேசினேன். 2001 ஆகஸ்டில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது போலீசா என்று அவள் கேட்டாள். பெரும்பாலும் வீட்டார்தான் என்றேன். எல்லாரையும் அன்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்கவும் ஆளில்லை.

பேசவோ சைகை காட்டவோ முடியாதவருக்கு என்ன செய்வது என்று நீ கேட்பாய். அவர் எதை விரும்பியிருப்பார் என்று அவர் வாழ்ந்த விதத்தை வைத்து இயன்றவரை புரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2014இல் விளக்கம் தந்தது. எனக்கு அதில் இன்னும் முழுத் திருப்தி இல்லை. புரிந்துகொண்டேன் என்று சொல்பவரும் அதே அண்ணன், அதே மாமாதானே?

முருகன் விஷயம் அவ்வளவு சிக்கலே இல்லை. டீக்கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவன் அவன். சொந்தப் பணத்தை நிர்வகிக்கும் உரிமை எல்லாருக்கும் சமம் என்று நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13ஆவது பிரிவே சொல்கிறது. அடுத்த பிரிவில் பாதுகாவலர் உண்டு. அதுவும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவனோடு கலந்து முடிவெடுக்கிற பாதுகாவலர். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி, ஆட்சியர் இருக்கும் குழுவில் விண்ணப்பிக்கலாம்தான். அவசரப்பட்டு அங்கே போகாதே. வாய்மொழியாக மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லி முதலில் வங்கி மேலாளரைக் கேள்.

மேலாளருக்கான மனுவை முருகன் பெயரிலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவனிடம் நிதானமாக வாசித்துக் காட்டு. கணக்கே வேண்டாம் என்று அவன் சொன்னால் கிழித்துப் போட்டுவிடு. அம்மாவுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

அன்புடன்,
மீனா