கேஸில் ராக்ஸ் கடலுக்குள் என்னை இறக்கிவிட்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனை அடுத்த சைமன்ஸ் டவுனுக்குத் தெற்கே, மில்லர்ஸ் பாயின்ட்டைத் தாண்டியதும் சாலைக்குக் கீழே கிடக்கும் கேஸில் ராக்ஸ் கரையிலிருந்து கடலில் இறங்கி, அடியில் உள்ள பாறைகளைக் கண்ணாரக் காணும் பேறு இந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு தமிழ் வகுப்பு ஆசிரியைக்கு இது தானாக வாய்த்துவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உங்களில் ஒருவர் கைகொடுத்தீர்கள். நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை மதித்து எந்தப் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதலில் உனக்கு, மகளே. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, கேப் டவுனுக்கு வந்து முக்குளிப்புப் பயிற்சியாளராக நிற்கும் தமிழ்ப் பெண் நீ. உன்னைப் பார்த்த பிறகுதான் இது நமக்கும் ஆகும் காரியம் என்ற எண்ணமே எனக்கு வந்தது. டர்பன் கடலை அகுல்ஹாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. இந்தக் கரை இருக்கும் ஃபால்ஸ் பே விரிகுடா அப்படியில்லை. குளிர்காலத்தில் தண்ணீர் 13 முதல் 15 டிகிரிதான் இருக்கும். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்ற முக்குளிப்பு உடை, தலைக்குக் குல்லா, கையுறை எல்லாம் போட்டாலும் முதல் சில நிமிடங்கள் நெற்றி விண்ணென்று வலிக்கும். அந்த உடையோ மிதக்கும் தன்மை உடையது. அதை ஈடுகட்ட இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்ட வேண்டும். எத்தனை கட்டி என்று பார்ப்பதற்கு நீ காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். ஒன்றை எடுத்து, ஒன்றைச் சேர்த்து, மூச்சைப் பிடித்தால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும், விட்டால் மெல்லத் தாழ வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, அது சரியாக வரும்வரை என்னை ஆழத்துக்கு விடவில்லை. சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதன் எடையும் குறையும், அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள் என்றாய்.

கெல்ப் என்ற கடற்பாசிக் காட்டுக்குள் நுழையும்முன் நீ சொன்ன மூன்று வார்த்தைகளை என் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "நில், பார், திரும்பு." கடல் மூங்கில் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் அந்தப் பாசி அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, உள்ளீடற்ற தண்டில் வாயுவை நிரப்பிக்கொண்டு, நீர்மட்டம் வரை நிமிர்ந்து நிற்கிறது. அதன் இலைகள் மேலே கூரை போட்டிருக்கும். திமிறினால் காலிலும் சிலிண்டர் வால்விலும் சுற்றிக்கொள்ளும். நின்று, வந்த வழியே சற்றுப் பின்வாங்கினால் தானே விலகிவிடும். கூரைக்கு மேலே நீந்திக் கரை சேர்வது பெரும்பாடு. ஆகவே அடியிலேயே திரும்பி வருவதற்கான காற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இவற்றையெல்லாம் பயமுறுத்தாமல் சொல்லத் தெரிந்த ஆசிரியை நீ. கற்பிக்கும் தொழிலில் இருப்பவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

அடுத்து கால்க் பே மீன்பிடித் துறைமுகத்துப் பெரியவருக்கு.

ஐயா, நீங்கள் சைமன்ஸ் டவுனில் பிறந்தவர். 1967இல் அந்த ஊரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தபோது, உங்கள் குடும்பத்தைப் போல எத்தனையோ குடும்பங்களை வீட்டைவிட்டு எழுப்பி, கடற்கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் ஓஷன் வியூ குடியிருப்புக்கு அனுப்பினார்கள். தூண்டிலும் படகுமாக வாழ்ந்தவர்களைக் கடலிலிருந்து பிரித்த அந்த அநியாயத்தைப் பற்றி நீங்கள் ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் பேசியதில்லை. ஆனால் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும், எந்தப் பிளவில் நீரின் இழுப்பு அதிகம் என்பதைப் பேசத் தொடங்கினால் உங்கள் குரலே மாறிவிடும். குளிர்காலத்து வடமேற்குக் காற்றை மலை மறைத்துக்கொள்வதால் இந்தக் கரை அடங்கிக் கிடக்கிறது, கோடையில் தென்கிழக்குக் காற்று அலையை நேராகக் கரைமேல் ஏற்றித் தண்ணீரைக் கலக்கிவிடும் என்று எனக்கு விளங்கவைத்தவர் நீங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அதன்பின் ஓர் இடைவெளி உண்டு, இறங்குவதும் ஏறுவதும் அந்த இடைவெளியில்தான் என்று சொன்னதோடு நிற்காமல், ஒவ்வொரு முறையும் பாறைமேல் உட்கார்ந்து, கையை உயர்த்திக் காட்டினீர்கள். உங்கள் கை உயராமல் நாங்கள் ஒருவரும் நகர்ந்ததில்லை.

என் தாத்தா டர்பனில் கரைவலை இழுத்தவர். நிறவெறி அரசின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரைகளையும் நிறம் பார்த்துப் பிரிக்க வழி செய்தது. 1990இல் அது நீக்கப்பட்டபோது நான் இளம்பெண். கடல்மீனைச் சுத்தம் செய்யவும் குழம்பு வைக்கவும் ஆயா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நீந்தக் கற்றுக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் ஐயா, நீங்கள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அடியில் என்ன கண்டேன் என்று வகுப்புத் தாய்மார்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரிய பெரிய கருங்கல் பாறைகள். அவற்றின் மேனியில் கடல் விசிறிகளும் பஞ்சுயிர்களும் செம்மையும் மஞ்சளுமாக அப்பிக்கிடக்கின்றன. ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் உடைந்த சிப்பித் துண்டுகளையும் சிறு கற்களையும் தலைமேல் தாங்கி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் முட்களுக்கு அடியில்தான் பெர்லமூன் (அபலோன்) என்ற கடல் நத்தையின் குஞ்சுகள் ஒளிந்து வளரும். முள்ளெலிகள் அழிந்தால் அந்தக் குஞ்சுகளுக்குப் புகலிடம் இல்லை. பொழுதுபோக்குக்காகப் பெர்லமூன் எடுப்பதை அரசு 2003இலிருந்து நிறுத்தி வைத்தும், கள்ளத்தனமாக எடுப்பது ஓயவில்லை. கட்டைவிரல் நகமளவு குஞ்சு ஒன்று முட்களுக்கிடையே பாறையை இறுகப் பற்றியிருந்ததை நீ விளக்கொளியில் காட்டினாய், மகளே. அதைப் பார்த்த பிறகு, பை பையாகப் பெயர்த்துச் செல்பவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஒரு பிளவில் வெட்கச் சுறா ஒன்று படுத்திருந்தது. முழங்கை நீளம்தான் இருக்கும். நாங்கள் நெருங்கியதும் உடம்பை வட்டமாகச் சுருட்டி, வாலால் கண்களை மூடிக்கொண்டது. தொடாமல் விலகினோம். ரோமன் மீனோ நேர்மாறு. செம்மஞ்சள் உடம்பு, முதுகிலிருந்து இறங்கும் வெள்ளைப் பட்டை. கண்ணாடிக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தது. இந்த மீன் பெண்ணாக வளர்ந்து, பெரிதானபின் ஆணாக மாறும். தன் எல்லையை விட்டு அதிகம் நகராது. பெரிய மீன்களையே தேடிப் பிடிக்கும் கடலில் ஆண்கள் அருகிப்போவதற்குக் காரணம் அந்த மாற்றம்தான். ஓரிடத்தைத் தூண்டில் படாமல் விட்டுவைத்தால் இந்த மீன் தழைப்பதற்குக் காரணம், அது எல்லை விட்டு நகராததுதான்.

இந்த இடத்தைக் காத்துவரும் தேசியப் பூங்காக் காவலர்களுக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவின் கடல் பாதுகாப்புப் பகுதி 2004இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் மீன்பிடிக்கவே கூடாத ஆறு பகுதிகளில் கேஸில் ராக்ஸும் ஒன்று. கடலை மூடினால் ஏழை மீனவன் வயிற்றில் அடி என்று என் உறவினர்களில் சிலர் சொல்கிறார்கள். மீனவர் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. எல்லை வகுக்கும்போது மீனவர்களைக் கலந்து பேச வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இவ்வளவு சிறிய துண்டையும் விட்டுவைக்காவிட்டால், சுற்றியுள்ள கடலுக்கு விதை மீன் எங்கிருந்து வரும்? காற்றிலும் மழையிலும் ரோந்து வரும் உங்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பாதுகாப்பினால் எல்லாம் அப்படியே நிலைத்துவிடும் என்றும் இல்லை. இதே கரையில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த ஏழு செவுள் சுறாக்களை, போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயரிடப்பட்ட இரண்டு ஓர்கா திமிங்கிலங்கள் வேட்டையாடத் தொடங்கியபின் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. 2016இல் ஈரல் மட்டும் தின்னப்பட்ட சுறா உடல்கள் இங்கே கிடந்தன. அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பார்த்தவர்கள் உட்கார்ந்து விவரித்தீர்கள், அதற்கும் நன்றி.

பாதுகாப்புப் பகுதியில் முக்குளிக்கத் தேவையான அனுமதிச் சீட்டைத் தபால் நிலையத்தில் எழுதித் தந்து, "பத்திரமாகப் போய் வாருங்கள்" என்று வாழ்த்திய அலுவலருக்கும், என் நெஞ்சையும் காதையும் சோதித்துச் சான்றிதழ் தந்த மருத்துவருக்கும், தன் வெட்சூட்டை எனக்கு இரவல் தந்த அக்காவுக்கும், அழைப்பு வந்தால் எந்த நேரமும் படகை இறக்கத் தயாராக இருக்கும் சைமன்ஸ் டவுன் கடல் மீட்புத் தொண்டர்களுக்கும் என் வணக்கம். கடற்கரைகளில் நீங்கள் தொங்கவிட்டிருக்கும் இளஞ்சிவப்பு உயிர்காப்பு மிதவைகள் எதற்கு என்று வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

என் கணவருக்கும் ஒரு வார்த்தை. பபூன் குரங்குகள் காரைத் திறந்து சாப்பாட்டைத் தூக்கிப்போகாதபடி காவல் இருந்து, நான் நடுங்கிக்கொண்டு ஏறி வரும்போதெல்லாம் துண்டும் சுடச்சுட ரூயிபோஸ் தேநீரும் நீட்டினீர்கள். நீங்கள் கூட இல்லாவிட்டால் இரண்டாவது முறை இறங்கியிருக்க மாட்டேன்.

புரட்டாசி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரைலண்ட்ஸில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. மேலே சொன்ன எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஐயா, உங்களை அழைத்துவர என் மகன் ஓஷன் வியூவுக்குக் காலை பத்து மணிக்கே காரோடு வந்துவிடுவான். பேத்தியையும் கூட்டி வாருங்கள். அவளுக்கும் முக்குளிக்க ஆசை என்றீர்களே, நம் பயிற்சியாளரும் அன்று இங்கேதான் இருப்பாள்.

மிக்க நன்றியுடன்,
ரைலண்ட்ஸ் தமிழ் வகுப்பு ஆசிரியை,
கேப் டவுன்